ஒன்றிப்பும் ஒட்டும்: பௌதிகப் போலச்செய்கை மென்பொருள்களிற் கேத்திரகணித உறுப்புகளின் சேர்க்கை பற்றிய ஒரு நோக்கு

போலச்செய்தல் என்னுஞ் சொல் எமது இலக்கியத் திறனாய்வுக்குப் புதியதன்று. அரிஸ்ரோட்டிலின் கவிதையியலை விளக்கப் புகுந்தோர் பலர் அதனைக் கையாண்டுள்ளனர். இன்று அச்சொல்லைப் பௌதிகவியலுக்கும் பொறியியலுக்கும் கடனாகக் கொடுக்கவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது. ஒரு பாலத்தைக் கட்டுமுன், ஒரு மின்மாற்றியைச் செய்யுமுன், ஒரு துகளுணரியைப் பொருத்துமுன், அதன் உருவைக் கணனியில் அமைத்து, இயற்கை விதிகளைச் சமன்பாடுகளாக அதன்மீது செலுத்தி, நிகழவிருப்பதை முன்கூட்டியே கண்டுகொள்ளும் முயற்சியை வேறெப்பெயரால் அழைப்பது? நாடகத்திற் போலவே இங்கும் போலச்செய்யப்படுவது யாது, விடப்படுவது யாது என்னும் வினா தலையாயது. எனவே இம்மென்பொருள்களையும் அவற்றின் கையேடுகளையும் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்வதில் தவறில்லை என்பது எமது கருத்து.

ஈண்டு நாம் அவற்றின் ஒரு கூற்றை மாத்திரமே எடுத்துக்கொள்கின்றோம். எந்தவொரு பொருளின் உருவையும் எவரும் ஒரே மூச்சில் வரைவதில்லை. சதுரமுகி, உருளை, கோளம், கூம்பு முதலிய எளிய திண்மங்களைத் தனித்தனியே அமைத்து, ஒன்றோடொன்றைச் சேர்த்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தும், இரண்டுக்கும் பொதுவானதை மாத்திரம் எஞ்சவிட்டும் வேண்டிய உருவைப் பெறுவதே வழக்கம். இவற்றுட் கழித்தலிலே கருத்து மயக்கம் அதிகமில்லை. தகட்டில் ஓர் உருளையைக் கழித்தாற் துளை கிடைக்கின்றது, அவ்வளவே. சேர்த்தலே சிக்கலானது. அச்சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதும், அது கேத்திரகணிதச் சிக்கல்போலத் தோன்றினும் உண்மையிற் பௌதிகச் சிக்கலே என்பதும், அதனை மென்பொருள்கள் ஒரு சொல்லுக்குள் மறைத்துவிடுகின்றன என்பதும் நாம் இங்கு நிறுவ விழைவன.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். இலங்கைப் பாடநூல்கள் தொடைகளின் ஒன்றிப்பு என்று கூறுவதனைத் தமிழகப் பாடநூல்கள் கணங்களின் சேர்ப்பு என்று கூறும். குறிக்கப்படும் கணிதச் செய்கை ஒன்றே. ஆயினும் இரு சொற்களும் மனத்தில் எழுப்பும் படிமங்கள் வேறானவை. ஒன்றிப்பில் இரண்டு ஒன்றாகிவிடுகின்றன. சேர்ப்பில் இரண்டும் இரண்டாகவே நின்று கூடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை எண்ணித் தெரிந்தனர் என நாம் கூறவரவில்லை. தொடைக் கணிதத்துக்கு அது தேவையுமன்று. ஆனால் அந்த வேறுபாடே எமது பொருளின் உயிர்நிலை.

ஜோர்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட சிந்தனை விதிகள் பற்றிய நூலிலே தருக்கத்துக்கு வகுத்த இயற்கணிதம், திண்மங்களை ஆளுங் கருவியாக வந்து சேர்ந்தது 1970களிலாகும். ஐக்கிய அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் வோல்க்கர், றெக்கிச்சா ஆகியோரும், இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜிற் பிறெயிட் என்பாரும் திண்மங்களைக் கணனியில் முழுமையாகக் குறிப்பதற்கான வழிகளை ஏறத்தாழ ஒரே காலத்தில் தேடினர். றொச்செஸ்ரர் குழுவினர் விரைவில் ஒரு தடையைக் கண்டனர். ஒரு முகத்திற் தொட்டுக்கொண்டிருக்கும் இரு சதுரமுகிகளின் இடைவெட்டைத் தொடைக் கணிதப்படி எடுத்தாற் கிடைப்பது ஒரு சதுரம். கனவளவற்ற வெறும் முகம். வெட்டியெடுக்கக்கூடிய உலோகத் துண்டாக அது இருக்கமுடியாது. ஆகவே ஒவ்வொரு செய்கையின் பின்னும் விளைவின் உள்ளகத்தை எடுத்து, அதற்குரிய எல்லையை மீண்டும் பூட்டும் ஒழுங்காக்கப்பட்ட செய்கைகளை அவர்கள் வகுத்தனர். தடிப்பற்ற முகங்களும் தொங்கும் விளிம்புகளும் இதனால் ஒழிந்தன. றெக்கிச்சா 1980இல் வெளியிட்ட ஆய்வுரை இக்கொள்கையைத் தெளிவுறத் தொகுத்துரைத்தது. அதன் செல்வாக்கு இன்றும் குன்றவில்லை.

இக்கொள்கையின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எவருக்காக வகுக்கப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். றொச்செஸ்ரர் குழுவினரின் திட்டம் உற்பத்தியைத் தன்னியக்கமாக்கும் திட்டம். அவர்கள் கண்முன் நின்றவை கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும். கடைசற்காரருக்கு ஒரு துண்டின் வெளிமேற்பரப்பு வேண்டும். உள்ளே என்ன எல்லை ஓடுகின்றது என்பது வேண்டுவதில்லை. ஆகவே தொட்டுக்கொண்டிருக்கும் இரு சதுரமுகிகளை ஒழுங்காக்கப்பட்ட முறையில் ஒன்றித்தால் இடையிலிருந்த பொதுமுகம் கரைந்துவிடும். எஞ்சுவது ஒரு நீண்ட கனவுரு. அதன் நடுவே முன்னர் ஓர் எல்லை இருந்தது என்பதற்கான அடையாளமே இராது.

பௌதிகவியலாளருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த அழிந்துபோன முகந்தான். இதனைக் கணக்கொன்றின்மூலம் காண்போம். குறுக்குவெட்டு ஒத்த இரு கோல்கள், ஒவ்வொன்றும் 0.1 மீற்றர் நீளம். ஒன்று செம்பு; அதன் வெப்பக் கடத்தாறு மீற்றருக்குப் பாகைக்கு ஏறத்தாழ 400 உவாற்று. மற்றது கறையில் உருக்கு. அதற்கு ஏறத்தாழ 16. செம்பின் வெளிமுனை 100 பாகையிலும் உருக்கின் வெளிமுனை 20 பாகையிலும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன, பக்கங்கள் காவலிடப்பட்டுள்ளன. இடைமுகத்தைக் காத்து இரண்டையும் சேர்த்தால், சதுர மீற்றருக்குச் செல்லும் வெப்பப் பாயம் ஏறத்தாழ 12,300 உவாற்று. இடைமுகத்தின் வெப்பநிலை 96.9 பாகை. இடைமுகத்தைக் கரைத்து, எஞ்சிய ஒரே திண்மத்துக்குச் செம்பு எனப் பெயரிட்டால் பாயம் 160,000 உவாற்றாகும். அதாவது 13 மடங்கு. இரண்டையும் அருகருகே வைத்து இணைப்பு எதுவுங் கூறாது விட்டாற் செம்பு முழுவதும் 100 பாகையிலும் உருக்கு முழுவதும் 20 பாகையிலும் நிற்கும், பாயம் பூச்சியம். மூன்று உருவங்களையும் திரையில் நோக்கினால் அவை ஒன்றுபோலவே தோன்றும். ஒரே நீளம், ஒரே கனவளவு, ஒரே புறமேற்பரப்பு.

முதலாவது விடையாவது சரியா என்றால் அதுவும் முற்றிலுஞ் சரியன்று. உண்மையான இரு உலோக முகங்கள் ஆங்காங்கே சில புள்ளிகளில் மாத்திரமே தொட்டுக்கொள்கின்றன. எஞ்சிய இடமெல்லாம் வளி. அதனால் எழும் தொடுகைத் தடையைச் சதுர மீற்றர்-பாகை-உவாற்று அலகில் 0.0005 எனக் கொள்வோம். அழுத்தம் குறைந்த வெற்று உலோகத் தொடுகைக்கு இது மிகையான எண்ணன்று. செம்பு-உருக்குக் கோலிற் பாயம் 12,300இலிருந்து 11,400 ஆகின்றது. பெரிதல்ல எனலாம். ஆனால் இரு கோல்களும் செம்பாக இருப்பின் பாயம் 160,000இலிருந்து 80,000 ஆகச் சரிபாதியாகக் குறைந்துவிடும். பொருள் ஒன்றே என்பதற்காக இடைமுகத்தைக் கரைத்துவிடலாம் என்று எண்ணுவோர் இவ்வெண்ணை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி மென்பொருள்களை நோக்குவோம். ஸ்ரொக்ஹோமில் 1986இல் தொடங்கப்பெற்ற நிறுவனமொன்றின் ஆக்கமாகிய கொம்சொல், 1998இற் பெம்லாப் என்னும் பெயரில் வெளிவந்து 2005இல் இன்றைய பெயரைப் பெற்றது. முடிவுள்ள மூலக முறையைக் கையாளும் இதில், உறுப்புகளையெல்லாம் அமைத்து முடித்தபின் கேத்திரகணிதத்தை நிறைவுசெய்யும் இறுதிப்படி ஒன்று உண்டு. அங்கே இரு வழிகள் தரப்படுகின்றன. ஒன்று, ஒன்றிப்பாக்குதல். மற்றது, தொகுதியாக்குதல். ஒன்றிப்பாக்கினால் எல்லா உறுப்புகளும் ஒரே பொருளாகும்; ஆயின் உள்ளெல்லைகள் கரையா. ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய பதார்த்தத்தைப் பெறலாம்; இடைமுகத்தில் இரு பகுதிகளின் வலையும் கணுவுக்குக் கணு பொருந்தும்; வெப்பநிலை தொடர்ச்சியாகச் செல்லும். உறுப்புகள் ஒன்றையொன்று ஊடுருவியிருப்பின் அந்த ஊடுருவற் பகுதி தனியொரு பகுதியாகப் பிரிந்துவரும். தொகுதியாக்கினாலோ உறுப்புகள் தனித்தே நிற்கும். தொடும் முகங்கள் இணைகளாகக் குறிக்கப்படும். அவ்விணைக்குப் பயனாளர் நிபந்தனை விதிக்கலாம். நிபந்தனை எதுவும் அமையாதவிடத்து அம்முகம் வெளிமுகமாகவே கருதப்படும். வெப்பக் கணக்கில் வெளிமுகத்தின் முன்னமைவு காவலிடப்பட்ட முகமென்பதாகும். அப்போது கிடைப்பது நாம் மேலே கண்ட மூன்றாவது விடை.

இவ்வமைப்பின் சிறப்பை முதலிற் கூறவேண்டும். உள்ளெல்லையைக் காக்கும் ஒன்றிப்பை முன்னமைவாக வைத்தமை அறிவார்ந்த தெரிவு. கடைசற்காரரின் கேத்திரகணிதத்துக்கும் பௌதிகவியலாளரின் கேத்திரகணிதத்துக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்தோரே அவ்வாறு செய்யமுடியும். இதற்குப் பின்னணியாக நீண்ட ஆய்வுண்டு. பழைய எல்லைவழிக் குறியீட்டிலே ஒரு விளிம்பு இரண்டே முகங்களுக்குப் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது விதி. உள்முகத்தைக் காத்தாலோ அதன் விளிம்பில் மூன்று முகங்கள் கூடும், விதி முறியும். அவ்விதியைக் கடந்த தரவமைப்பொன்றை றென்சலேர் தொழினுட்ப நிறுவனத்தில் 1986இல் அளித்த ஆய்வேட்டில் வைலர் என்பார் விரிவாக வகுத்தார்.

ஆனால் அதே மென்பொருளில், இறுதிப்படிக்கு முன்னர் உறுப்புகளைச் சேர்க்கப் பயன்படும் ஒன்றிப்புச் செய்கையிலே, உள்ளெல்லைகளை வைத்திருத்தல் என ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் உள்ள அடையாளத்தை நீக்கினால் அதே பெயருடைய செய்கை எதிர்மாறானதைச் செய்யும். ஒரு சொல், இரு பொருள், இடையில் ஒரு சிறு கட்டம். எமது குறை இங்கேதான் தொடங்குகின்றது. பிற மென்பொருள்களை நோக்கின் நிலைமை மேலும் மோசமாகின்றது. சலோமேயில் ஒன்றாக உருக்குதல் என்பது கரைப்பது. பிரிவினை என்பதே காப்பது. ஜிமெஷில் ஒன்றிப்பு என்பது ஒரு செய்கை. துண்டாக்குதல் என்பது வேறொன்று. பொருந்திய வலை வேண்டுவோர் தெரியவேண்டியது பின்னையதையே. வேறொரு புகழ்பெற்ற மென்பொருட் குடும்பமாகிய அன்சிசிலோ இடத்தியலைப் பகிர்தல் என்று பெயர். இரு கோல்களை ஒட்டவைக்க விரும்பும் மாணவர் ஒரு நிரலிற் பிரிவினையையும் மற்றொன்றில் துண்டாக்குதலையும் தெரிந்தாக வேண்டும் என்பது வேடிக்கைதான். பெயரிட்டோர் தரவமைப்புக்கு என்ன நேர்கின்றது என்பதைப் பார்த்துப் பெயரிட்டனர். பொருளுக்கு என்ன நேர்கின்றது என்பதைப் பார்க்கவில்லை.

கையேட்டிலே எல்லாம் விளக்கப்பட்டிருக்கின்றதே, வாசியாதோரின் பிழைக்கு மென்பொருள் பொறுப்பாகுமா என்று கேட்கலாம். நியாயமான வினா. ஆனால் கையேடுகள் எவ்வகையில் விளக்குகின்றன என்பதைப் பார்த்தல் வேண்டும். தொகுதியாக்குதலுக்கு அவை கூறும் காரணங்கள் பலவும் வசதி சார்ந்தவை: வலைகள் பொருந்தவேண்டியதில்லை, ஒரு பகுதி சுழலும்போது மற்றது அசையாதிருக்கலாம், நினைவகம் மீதப்படும். இவை உண்மையே. ஆனால் இவ்விரு பொருள்களும் உலகில் எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்னும் வினா, தெரிவுக்கு முதற்படியாக வைக்கப்படுவதில்லை. வரைவுத் திரையிலே உருவத்தைச் சேர்ப்பது ஒரு நாள். பதார்த்தமும் எல்லை நிபந்தனையும் கொடுப்பது பிறிதொரு நாள். முதலாம் நாளின் தெரிவு இரண்டாம் நாளின் பௌதிகத்தைத் தீர்மானித்துவிட்டது என்பதை அத்திரை நினைவூட்டுவதில்லை.

கட்டடப் பொறியியலிற் பழகிய ஓர் எடுத்துக்காட்டு இதனை இன்னும் வெளிப்படுத்தும். ஒரே தடிப்புள்ள இரு பலகைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, இரு முனைகளையும் தாங்கி, நடுவிற் பாரமேற்றுவோம். பலகைகள் ஒன்றன்மேலொன்று தடையின்றி வழுக்குமாயின் அவை காட்டும் எதிர்ப்பு ஒரு பலகையின் எதிர்ப்பைப்போல் 2 மடங்கு. பசையிட்டு இறுக ஒட்டினாலோ தடிப்பு இரட்டித்த ஒரே பலகையாகும்; எதிர்ப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கின்படி செல்வதால் 8 மடங்கு. ஆகவே ஒட்டிய பலகை வழுக்கும் பலகைகளின் காற்பங்கே வளையும். தச்சர் எவரும் இதனைக் கைப்பழக்கத்தால் அறிவர். முடிவுள்ள மூலகக் கணிப்பிலே ஒன்றிப்பாக்குதல் என்பது பசையிடுதலுக்குச் சமம். பயனாளர் பசையிடவில்லை, பசையிடுக என்று எவரும் கட்டளையிடவுமில்லை. முன்னமைவு பசையிட்டுவிட்டது. வெப்பத்துக்குச் சிறந்த முன்னமைவு எனச் சற்றுமுன் நாம் பாராட்டியதே ஆணியடித்த பலகைக்குப் பொய்ச்சான்றாகின்றது. இருவகை உருவங்களிலும் கேத்திரகணிதம் ஒன்றே என்பதை மீண்டும் வற்புறுத்துகின்றோம்.

இவ்விடத்தில் எமது இலக்கண மரபின் நினைவு எழுவது தவிர்க்கவியலாதது. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது நிகழ்வதனை நம் இலக்கணகாரர் ஒலியின் நிகழ்ச்சியாக மாத்திரம் கொண்டாரல்லர். ணகர ஈற்றின் முன் வல்லினம் வருகின்றது. மண் என்பதோடு குடம் சேர்ந்தால் மட்குடம். அதே மண் என்பதோடு கடிது சேர்ந்தால் மண் கடிது, திரிபு இல்லை. ஈற்றெழுத்தும் ஒன்று, வருமொழி முதலும் ஒரே ககரம். தொடும் முகங்கள் இரண்டும் ஒன்றே என்று எமது பொருளுக்கேற்பக் கூறலாம். விளைவு வேறாதற்குக் காரணம், முன்னையது வேற்றுமை, பின்னையது அல்வழி என்பதே. அதாவது, இரு சொற்களும் எவ்வுறவிற் சேர்கின்றன என்னும் வினாவுக்கு விடை கூறியபின்னரே எழுத்துக்கு என்ன நேரும் என்று கூறமுடியும். ஒப்புமைகளை அளவுக்கு மீறி நீட்டுவது எமக்கு உடன்பாடன்று. புணரியலிற் பௌதிகம் இருந்தது என்று கூறும் வகையினர் அல்லோம். வினாக்களின் வரிசை பற்றியதே எமது ஒப்பீடு. இலக்கணகாரர் உறவை முதலிலும் உருவைப் பின்னரும் வைத்தனர். மென்பொருள் உருவை முதலில் முடித்து, உறவைப் பின்னர் கேட்கின்றது, சிலவேளை கேட்பதேயில்லை.

உருவ அமைப்பையே வேறொரு நெறியிற் கொண்ட மென்பொருள் ஒன்றுடன் ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். துகள்கள் பதார்த்தத்தினூடு செல்வதனைப் போலச்செய்யும் ஜியான்ற்-4, சேர்ன் ஆய்வுகூடத்தையும் யப்பானின் கே.ஈ.கே. ஆய்வுகூடத்தையும் சார்ந்த முயற்சிகளிலிருந்து எழுந்து 1998 டிசெம்பரில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இங்கே தீர்க்கவேண்டிய வலை இல்லை. ஒரு துகள் அடியடியாகச் செல்கின்றது. ஒவ்வோரடியிலும், நான் எந்தத் திண்மத்துள் இருக்கின்றேன், அடுத்த எல்லை எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. ஆகவே சேர்க்கை தாய்-சேய் உறவாக அமைகின்றது. சேய்த் திண்மம் தாயினுள் முற்றாக அடங்கவேண்டும். சேய்கள் தம்முள் ஊடுருவக்கூடாது. வெவ்வேறு பதார்த்தங்கள் அருகருகே வைக்கப்படுமேயன்றி ஒன்றிக்கப்படுவதில்லை. ஒன்றிப்புச் செய்கை தனியே உண்டு. அது ஒரே பதார்த்தத்தாலான ஒரே உருவத்தை ஆக்குவதற்கு மாத்திரமே. அதாவது உறவு எத்தகையது என்பது செய்கையின் தெரிவிலேயே வெளிப்பட்டுவிடுகின்றது. இது பெருமளவுக்கு நாம் விரும்பும் ஒழுங்கு.

ஆயினும் அங்கும் ஒரு முரண் உண்டு. ஒன்றிக்கவோ கழிக்கவோ படும் இரு திண்மங்கள் மேற்பரப்பைப் பகிர்ந்துகொள்வதைத் தவிர்க்குமாறு அதன் கையேடு அறிவுறுத்துகின்றது. பகிர்ந்தால் நுண்மை இழப்பினாற் பொய்முகங்கள் தோன்றலாம். ஆகவே துளையிடும் உருளையைத் தகட்டின் தடிப்பைவிடச் சற்று நீட்டியமைப்பதும், ஒன்றிக்கும் துண்டுகளைச் சற்று ஊடுருவவிடுவதும் பழக்கமாகிவிட்டன. அருகருகே வைக்கும் சேய்களுக்கோ ஊடுருவலே பெருங்குற்றம்; தொட்டுநிற்றல் குற்றமன்று. கொம்சொலின் பயனாளருக்கு மிகச்சரியாகத் தொட்டுநிற்றலே இலக்கு. ஒரு மென்பொருளில் நல்லொழுக்கமாகக் கொள்ளப்படுவது மற்றொன்றில் தவறாகின்றது. ஒரு நனோமீற்றர் இடைவெளி வெப்பக் கணிப்பில் இரு கோல்களையும் முற்றாகத் துண்டித்துவிடும். துகளொன்றுக்கோ அது ஒரு சிற்றடி அதிகமாக வைப்பதற்கு மேல் எதுவுமன்று. இடைவெளி சிறிதா பெரிதா என்பதை அளவுகோல் தீர்மானிப்பதில்லை. அதனூடு செல்வது யாது என்பதே தீர்மானிக்கின்றது.

மிகச்சரியாகத் தொடுதல் என்பது கணனியில் இயலுமா என்பது பிறிதொரு கேள்வி. இரட்டைத் துல்லிய எண்முறையில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.3 வருவதில்லை; 17ஆம் தசமதானத்தில் ஒரு 4 எஞ்சும். முதற்கோலின் முடிவை 0.3 என்றும், இரண்டாங்கோலின் தொடக்கத்தை 0.1உம் 0.2உம் கூட்டியும் எழுதினால் அவை தொடா. இதனாலேயே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொறுதியை வைத்துக்கொள்கின்றது. அதனினும் சிறிய இடைவெளியை இல்லை எனக் கொள்கின்றது. பொறுதி என்னுங் கலைச்சொல் இங்கு வெகு பொருத்தமானது. இது மெய்யாகவே சகித்துக்கொள்ளுதல். ஜியான்ற்-4இல் மேற்பரப்புப் பொறுதியின் முன்னமைவு மில்லிமீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. வேறு மென்பொருள்கள் மாதிரியுருவின் முழுப் பருமனோடு ஒப்பிட்டுப் பொறுதியைக் கொள்கின்றன. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என ஒப்பீட்டுப் பொறுதியை வைத்து, ஒரு மீற்றர் நீளமான கருவியொன்றை அமைத்தாற் பொறுதி ஒரு மைக்கிரோமீற்றர். அக்கருவியின்மீது 100 நனோமீற்றர் தடிப்பான காவற்படலம் ஒன்று இருப்பின், அது பொறுதியின் பத்திலொரு பங்கே. படலத்தின் இரு முகங்களும் ஒன்றெனக் கொள்ளப்படலாம்; படலமே மறைந்துபோகலாம். மேலும், சகிப்புத்தன்மை கடத்தப்படுவதில்லை. முதலாம் புள்ளி இரண்டாவதோடு ஒன்றெனவும், இரண்டாவது மூன்றாவதோடு ஒன்றெனவும் கொள்ளப்பட்டாலும் முதலாவதும் மூன்றாவதும் வேறாக இருக்கலாம். சமன் என்னும் உறவின் அடிப்படை இயல்பே இங்கு முறிகின்றது. திண்மச் சேர்க்கைச் செய்கைகள் சிலவேளை காரணமின்றித் தோல்வியுறுவதுபோலத் தோன்றுவதன் வேர் இதுவே. சரிநுட்ப எண்கணிதத்தால் இதனைக் களையும் முறைகள் உள்ளன, அவை மெதுவானவை. வளைமேற்பரப்புகள் வந்ததும் மேலும் மெதுவாகின்றன.

இவையெல்லாம் திரைக்குள் நிகழும் சங்கடங்கள்தாமே என்று தள்ளிவிட முடியாது. நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகரருகே காண்ட்ஸ் நீரேரியில் 1991 ஓகஸ்ட் 23இல் சிலைப்னர்-ஏ என்னும் எண்ணெய்த் தளத்தின் கொங்கிறீற்று அடித்தளம் மூழ்கியது. அது 24 கலங்களைக் கொண்டு அமைந்தது. உருளை வடிவான சுவர்கள் மூன்று கூடும் இடங்களில் எழுந்த முக்கோண இடைவெளிகளே உடைவின் தொடக்கம். நாஸ்ட்ரான் என்னும் மென்பொருளாற் செய்யப்பட்ட கணிப்பில் அவ்விடத்துச் சறுக்குத் தகைப்பு நூற்றுக்கு 47 குறைவாக மதிக்கப்பட்டிருந்தது. பின்னர் கவனமாகச் செய்த கணிப்பு 62 மீற்றர் ஆழத்தில் உடைவு நிகழும் என்றது. உண்மையில் நிகழ்ந்தது 65 மீற்றரில். இழப்பு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டொலர் என மதிக்கப்பட்டது. இங்கே ஒன்றிப்புச் செய்கையைக் குற்றவாளியாக்குவது நேர்மையன்று. வலையின் மூலகங்கள் அவ்விடத்திற் கோணலாகவும் பருமனாகவும் இருந்தமையும், வலுவூட்டும் கம்பிகளின் முனைப்பிடிப்புப் போதாமையுமே கூறப்பட்ட காரணங்கள். நாம் கவனிக்கக் கேட்பது இடத்தை. உடைந்தது சுவரின் நடுவிலன்று; உறுப்புகள் கூடும் மூலையில். உருவம் சிக்கலாவதும், வலை கோணலாவதும், தகைப்பு ஏறுவதும், கணிப்பாளரின் கவனம் தளர்வதும் அம்மூலையிலேதான்.

வலையை உருவத்தோடு பொருத்தும் தேவையையே ஒழித்துவிட முயல்வோரும் உளர். வடிவமைப்பிற் பயன்படும் வளைவுச் சார்புகளையே கணிப்புக்கும் கொள்ளலாம் என ஹியூஸ், கொற்றெல், பஸிலெவ்ஸ் ஆகியோர் 2005இல் முன்வைத்த கருத்து இவ்வகையில் விதந்து கூறத்தக்கது. வலையாக்கத்தில் வீணாகும் உழைப்பே அவர்களது தொடக்கக் குறையாகும். ஆனால் அதுவும் உருவத்துக்கும் கணிப்புக்கும் இடையிலுள்ள பிளவை நோக்கியது. உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையிலுள்ள உறவை நோக்கியதன்று.

ஆகவே, தமிழிற் பௌதிகவியலும் பொறியியலும் கற்பிப்போர்க்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றோம். இம்மென்பொருள்களின் பட்டிகளைத் தமிழாக்கும் வேளையிலாவது ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிக்காதிருத்தல் நன்று. இடைமுகம் அழிந்து இரண்டு ஒன்றாவதனைக் கரைவொன்றிப்பு எனலாம். இடைமுகம் நிற்க, இருபுறமும் தொடர்ச்சியாக அமைவதனை ஒட்டு எனலாம். ஒட்டுமாங்கன்றை அறிந்தோர்க்கு விளக்கம் தேவைப்படாது, ஈருயிர் ஒன்றாய் வளர்ந்தும் ஒட்டிய இடம் தெரியும். வழுக்கலும் விலகலும் தடையும் உடையதாய், நிபந்தனை கூறி இணைப்பதற்குத் தச்சரின் சொல்லாகிய பொருத்து என்பதைக் கொள்ளலாமா என எண்ணுகின்றோம். ஆயின் பொருத்து என்பது இறுக்கமான இணைப்பையும் தளர்வான இணைப்பையும் ஒருங்கே குறிக்கும். பிணைச்சலில் ஆடும் கதவும் முளையடித்த நிலையும் தச்சருக்குப் பொருத்துகளே. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் அடைமொழிகளைத் தொழிலாளரிடமிருந்தே கேட்டுத் தொகுக்கவேண்டியிருக்கின்றது.